எழுதியவர் பெயர் தெரியாதவர்கள்

புத்தகக் கடையில் வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் வருடம் கால்வலி வரும், இரண்டாம் வருடம் தும்மல் வரும், மூன்றாம் வருடம் அடுத்தவரை எடைபோடும் புத்தி வந்து அதுமட்டும் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நான் புனேயில் ஒரு புத்தகக் கடையில் பத்தொன்பது வருடங்களாக நிற்கிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கணவருக்கு இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தோம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா இருக்கிற பகல் நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கடைக்குப் போனேன். மராத்திப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் விற்கிற கடை. தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி, அதுவும் பிற்பாடு வந்தது.

உங்களில் யாராவது விற்கிறவர் பக்கம் நின்று, “இவரைக்கூடத் தெரியாதா” என்று மனதுக்குள் சொல்லியிருந்தால், அல்லது வாங்குகிறவர் பக்கம் நின்று அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால், நாம் ஒரே ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள். நான் இரண்டு வார்டிலும் இருந்திருக்கிறேன். ஆகவே எழுத்தாளர்களின் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் “தெரியுமே” என்று நிமிர்ந்து உட்காருவீர்கள், மீதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மனிதர்களை அப்படி இரண்டாகப் பிரிக்கிற வேலையை நான் செய்தவரைக்கும் போதும்.

முதல் நாள்

கடை முதலாளியை நாங்கள் எல்லாரும் காகா என்றுதான் கூப்பிடுவோம். மராத்தியில் சித்தப்பா. வேலை பார்க்கிறவர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் அவர் காகாதான். முதல் நாள் காலை அவர் என்னை முன்னால் நிற்க வைத்துவிட்டு, உள்ளே பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைக் குர்தாவும் மடக்குக் குடையுமாக ஒரு பெரியவர் வந்தார். ஒரு கவிஞர் பெயரைச் சொன்னார். அதையும் முழுதாகச் சொல்லவில்லை. வீட்டு மனிதரைக் கூப்பிடுவது போல முன்பாதியை மட்டும் சொன்னார்.

அப்போது எனக்குத் தெரிந்த மராத்தி, காய்கறி மண்டியில் பேசுகிற மராத்தி. வெண்டைக்காயும் கொத்தமல்லியும் கேட்கத் தெரியும். நான் ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி, பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். கல்லூரியில் சரித்திரம் படித்தவள் நான். நூலகத்தில் தமிழ்க் கதை அடுக்கு முழுவதையும் முடித்தவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இவருக்குத் தெரியாத பத்துப் பெயர்களை என்னால் சொல்ல முடியும். ஆனால் அதைச் சொல்லவும் மராத்தி வேண்டியிருந்தது. அவர் பேனாவைத் தொடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலாக, உள்ளே இருந்த காகாவைப் பார்த்துக் கேட்டார்:

“ஹ்யாந்நா ஹே நாவ்ஸுத்தா மாஹீத் நாஹீ?”

இந்தப் பெயர்கூடவா இவர்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். நான் புனேயில் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் மராத்தி வாக்கியம் அதுதான்.

தூசித் துணி

மறுநாள் காகா ஒரு மஞ்சள் துணியைக் கையில் கொடுத்து, ஒரு நாளைக்கு ஓர் அலமாரி துடைக்கச் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் அதுதான் அவர் பாடம் நடத்துகிற விதம். துடைக்கும்போது புத்தக முதுகில் இருக்கிற பெயரை வாய்விட்டு ஒரு தடவை சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் உள்ளேயிருந்து திருத்துவார். ஒரு வருடத்தில் எந்தப் பெயர் எந்தத் தட்டில், எத்தனையாவது வரிசையில் என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். எந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் அச்சில் இல்லை, எந்தக் கவிஞருக்கும் எந்தக் கவிஞருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதெல்லாம் காதில் விழுந்து விழுந்தே தெரிந்துவிட்டது.

ஒரு மழைக்கால மத்தியானம் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் வந்தார். நான்கு பெயர்கள் கேட்டார், ஒன்றைவிட மற்றொன்று அரிதான பெயர். நான்கையும் நின்ற இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தங்கை மகளுக்கு அதில் ஒருவருடைய நாவலில் எதை முதலில் கொடுக்கலாம் என்று கேட்டார். எது அதிகம் விற்கிறதோ அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நால்வரில் ஒருவருடைய புத்தகத்தைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. நாவல் படிக்கிற மராத்தி அன்றைக்கு என்னிடம் இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தபடி புத்தகங்களைப் பையில் போட்டேன். அவர் போகும்போது காகாவிடம் சொன்னார்:

“நம்ம ஊர்க்காரங்களே மறந்துட்டாங்க காகா. வெளியூர்லேர்ந்து வந்த இந்தத் தாயிதான் உண்மையான வாசகி.”

படிப்பு எங்கே

நகரத்து ஓரத்தில் பாணேரிலும் மகர்பட்டாவிலும் அடுக்குமாடிகள் எழும்பி, கோயம்புத்தூரும் சென்னையும் மதுரையும் குடிவந்த பிறகு, காகாவிடம் கெஞ்சி ஒரு தமிழ் அலமாரி வாங்கினேன். வாசலிலிருந்து நேராகப் பார்த்தால் தெரியாது, திரும்பினால்தான் தெரியும். அதற்கு நான்தான் ராணி. ராணிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. தமிழ் பேசிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும், புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன்னால் ஒரு பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். கண் விரிந்தால் நம் ஆள். விரியாவிட்டால் சமையல் குறிப்பு, ராசிபலன் பக்கம் அனுப்பிவிடுவேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

பாணேரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. “படிக்கிற பழக்கம் விட்டுப்போச்சுங்க அக்கா. மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன். சுலபமா எதாச்சும் இருந்தாக் குடுங்க” என்றாள். அதைவிட நல்ல வாக்கியத்தை ஒரு புத்தகக் கடைக்காரி கேட்க முடியாது. நான் என்ன செய்தேன்? ஒரு பெயரைச் சொன்னேன். தெரியாது என்றாள். இன்னொரு பெயர். அதுவும் தெரியாது. மூன்றாவது பெயரைச் சொன்னபோது கணவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டான். நான் விடவில்லை. “தமிழ்நாட்டுலதான படிச்சீங்க?” என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. கையில் எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பி அதே இடத்தில், முதுகு வெளியே தெரிகிற மாதிரி ஒழுங்காகச் செருகினாள். அதன் பிறகு அவளைக் கடையில் பார்க்கவில்லை. போகும் முன்னால் அவள் சொன்னது இதுதான்:

“தமிழ் மீடியந்தானுங்க அக்கா. எங்க பள்ளிக்கூடத்துல லைப்ரரி ரூமு இருந்துச்சுங்க, ஆனா அதுல டீச்சருங்க உக்காந்து சாப்புடுவாங்க.”

மாமனார் வருகிறார்

மகர்பட்டாவில் இருக்கும் சுகன்யா என்ற பெண் கல்யாணமாகி எட்டு மாதத்தில் பதறிக்கொண்டு வந்தாள். மாமனார் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவையாக மருமகள் வீட்டுக்கு நாலு நாள் வருகிறார். நிச்சயதார்த்தத்தன்று, “எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு நாலு நல்ல எழுத்தாளர் பேராவது தெரிஞ்சவளா இருக்கணும்” என்று சபையில் சொன்னவராம். சுகன்யா சென்னையில் கான்வென்டில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். “ஆன்ட்டி, எக்ஸாமுக்குக் குடுக்கற மாதிரி நோட்ஸ் குடுங்க” என்றாள்.

நான் கொடுத்தேன். இருபது பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இவர் கிராமத்தைப் பற்றி எழுதுவார், இவர் நகரத்தைப் பற்றி எழுதுவார், இவர் பெயரைச் சொன்னால் லேசாகப் பெருமூச்சு விட வேண்டும், இவரைப் பிடிக்கும் என்று சொல்லக் கூடாது, முக்கியமானவர் என்று சொல்ல வேண்டும். கடைப் பெஞ்சில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. அவளுக்கு ஒரு கதையை, நாலே பக்கக் கதையை, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கலாம். நேரம் இருந்தது. தோன்றவில்லை. இருவருக்குமே பரீட்சை ஜுரம்.

மாமனார் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் வந்தாள். எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

“ஒரு பேரும் கேக்கல ஆன்ட்டி. டிவி ரிமோட் எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாரு. நாலு நாளும் கிரிக்கெட்தான்.”

எங்கள் வீட்டுப் பெண்

என் மகள் நித்யா புனேயிலேயே வளர்ந்தவள். மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்களோடு தமிழில் பேசுவாள், நடுவில் இந்தி வரும், கோபம் வந்தால் மராத்தி வரும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கடையிலிருந்து வந்து சமைத்துக்கொண்டே அன்றன்று யார் யார் என்னென்ன கேட்டார்கள், யாருக்கு யாரைத் தெரியவில்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லுவேன். அவள் சமையல்கட்டு மேடை ஓரமாக நின்று பட்டாணி உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நினைப்பேன். சிலேட்டுகூட வாங்கினேன். “அ”வும் “ஆ”வும் எழுதினோம். கோடை விடுமுறையில்தான் கடையில் கூட்டம் அதிகம்.

போன வருடம் ஒருநாள் என்னை அழைத்துப்போக அவள் கடைக்கு வந்தாள். எங்கள் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவளைப் பார்த்து, “அம்மா இவ்வளவு பெரிய ஆள். நீ யார் யாரைப் படிச்சிருக்கேம்மா?” என்று பிரியமாகத்தான் கேட்டார். நித்யா என்னைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். கிடுகிடுவென்று பதினைந்து பெயர்கள் சொன்னாள். இன்ஷியலோடு, சரியான உச்சரிப்போடு. அவர் அசந்துபோய் என் பக்கம் திரும்பி, பிள்ளையை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நித்யா சாதாரணமாகச் சொன்னாள்:

“பேரெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன் அங்கிள். எனக்குத் தமிழ் படிக்கத்தான் வராது.”

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

முத்தையா அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுத ஆரம்பித்தேன், ஆனால் அவரிடம் வந்து சேருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, விஷ்ராந்த்வாடியில் மகன் வீட்டில் இருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை வருவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். கடையில் எல்லாரும் என்னை மராத்தியில் தாயி என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். அவரும் தாயி என்றுதான் கூப்பிடுவார். அது நம் ஊர்த் தாயி. காதில் விழும்போதே வேறு மாதிரி இருக்கும்.

அவர் புத்தகம் பார்க்கிற விதம் எனக்கு விநோதமாக இருக்கும். அட்டையைப் பார்க்கமாட்டார். நடுவில் பிரித்து இரண்டு மூன்று வரி படிப்பார், மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அப்படியே ஒரு தட்டு முழுவதும் போவார். சில மாதம் ஒரு புத்தகம் வாங்குவார், சில மாதம் வெறுங்கையோடு போவார். பொழுது போகாமல் வருகிறார் என்று நினைத்தேன். என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் வழக்கமான பெயர்ப் பரீட்சையில் அவர் முதல் நாளே தோற்றிருந்தார்.

மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருக்கும் ரகு, கடையில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ் வாசகர்கள் கூடலாம் என்று யோசனை சொன்னார். நல்ல மனிதர், புத்தகங்களுக்காக அலைகிறவர். காகா மடக்கு நாற்காலிகள் போட அனுமதித்தார். நான் அலமாரிப் பக்கம் வருகிற எல்லாரையும் கூப்பிட்டேன். முத்தையா அண்ணாச்சியையும் கூப்பிட்டது நான்தான்.

பதினாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் தனக்குப் பிடித்த எழுத்தாளர் பெயரையும் சொல்ல வேண்டும் என்றார் ரகு. ஆரம்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள் வந்தன. போகப் போக, முன்னால் சொன்னவரைவிடக் கொஞ்சம் அரிதான பெயராகச் சொல்ல வேண்டும் என்று ஒரு போட்டி வந்துவிட்டது. நானும் ஒரு பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அண்ணாச்சியின் முறை வந்தது. மற்றவர்கள் உட்கார்ந்தபடிதான் பேசினார்கள். அவர் எழுந்து, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். “முத்தையா. விஷ்ராந்த்வாடி. எழுதுனவரு பேரு தெரியாதுங்க. கதை தெரியும்” என்றார்.

ரகு சிரித்த முகத்தோடு, “பேர் தெரியாம எப்படி சார் படிப்பீங்க? யார் வீடுன்னு தெரியாம உள்ள போய்ச் சாப்பிட்டு வர்ற மாதிரில்ல இருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் டீத் தட்டு இருந்தது. சிரித்ததில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அதனால் நான் சிரிக்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு கதையைச் சொன்னார். அக்கம்பக்கத்து வீடு இரண்டு. நடுச்சுவரில் ஒரு செங்கல் இல்லை. அந்த ஓட்டை வழியாக இரண்டு வீட்டுப் பெண்களும் குழம்பு கொடுத்துக்கொள்வார்கள், நெருப்பு வாங்கிக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள். புருஷன்மாருக்குள் வாய்க்கால் தகராறு வந்து, ஒருவன் ஓட்டையை அடைத்துப் பூசிவிடுகிறான். பூசின இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அதற்கப்புறமும் அவர்களில் ஒருத்தி தினமும் அதே நேரத்துக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து நிற்கிறாள்.

“அதுக்கு மேல பக்கம் இல்லீங்க. பனியில ஒரு போஸ்ட்ல இருந்தோம், தமிழ் ஆளுங்க ஆறு பேரு. லீவுக்குப் போன எவனோ கொண்டாந்த புத்தகம். முன்னாடி கொஞ்சம் இல்ல, பின்னாடி கொஞ்சம் இல்ல. ஆறு பேரும் மாத்தி மாத்திப் படிச்சோம். அந்தப் பொம்பள அங்க நின்னுச்சே, அப்புறம் என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?”

அங்கிருந்த ஒருவருக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. ரகு மெதுவாக, கொஞ்சம் குரல் மாறி, “இது யார் எழுதினதுன்னு ஏதாவது ஞாபகம் வருதா சார்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“பேரு அட்டையில இருந்திருக்கும்ங்க. எங்க கைக்கு வந்தப்ப அட்டை இல்ல.”

நாற்பத்தொன்று

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. பிடித்த எழுத்தாளர் பெயர் சொல்லும் அந்தச் சுற்றையே ரகு கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். நான் சொல்லி எடுக்கவில்லை, அவராகவே எடுத்தார்.

நான் தேட ஆரம்பித்தேன். பெயரை வைத்துத் தேடத்தான் எனக்குத் தெரியும், இதற்குப் பெயர் இல்லை. அவரைப் போலவே ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் பிரித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலவற்றில் உட்கார்ந்துவிட்டேன். வருடக்கணக்காக முதுகைத் துடைத்த புத்தகங்களை முதல் தடவையாகப் படித்தேன். மூன்றாவது மாதம், கீழ்த்தட்டில் ஒரு குறுநாவல் தொகுப்பில், கிண்ணத்தோடு ஒருத்தி சுவர்ப் பக்கம் நடந்து வந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்தவர் என்று நான் சொன்னேனே, அவர்தான். அந்தத் தொகுப்பை நானே பத்துப் பன்னிரண்டு பேருக்காவது விற்றிருப்பேன். படித்தது கிடையாது. கல்லூரியில் அவருடைய ஒரு நாவலைப் படித்துவிட்டு, அந்தப் பெயரை வைத்துக்கொண்டே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

போன் செய்துவிட்டு விஷ்ராந்த்வாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி. மருமகள் அவல் போஹாவும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் தயார் செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், “அதெல்லாம் விடு தாயி. அவங்க கேட்டது நியாயந்தான” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசி மூன்று பக்கத்துக்கு நேராகக் காகிதத் துண்டு வைத்திருந்தேன். “அண்ணாச்சி, அந்தப் பொம்பள நின்னதுக்கு அப்புறம் இதுல இருக்கு” என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் காகிதத் துண்டு இருந்த இடத்தைப் பிரிக்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதியவர் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். முன்னால் இருக்கிற எழுத்து இன்ஷியலா ஊர்ப் பெயரா என்று கேட்டார். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். அதில் வரிசையாக எண் போட்டு, அழகான கையெழுத்தில் எழுத்தாளர் பெயர்கள். நாற்பது இருந்தன. நாற்பத்தொன்று என்று போட்டு இந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

பிறகு டைரியை மூடி வைத்துவிட்டு, நான் கேட்காமலே, ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒப்பித்தார். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போய், கண்ணை மூடி யோசித்துப் பிடித்தார். மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று வரை சொல்லி முடித்தார்.

“கடைசிப் பக்கம் அண்ணாச்சி” என்றேன்.

“படிக்கிறேன்” என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை அவர் அதைப் பிரிக்கவில்லை. லிஃப்ட் வரும்வரை கூடவே வந்து நின்றார். கதவு திறந்தபோது, ஆறுதலாகச் சொல்வது போலத்தான் சொன்னார்:

“இனிமே யாரு கேட்டாலும் பேரு சொல்லிருவேன் தாயி. என்ன, இப்ப பேரு மறந்துருமோன்னு நெனச்சுக்கிட்டே படிக்கிறேனா, கதைதான் முன்ன மாதிரி உள்ள போக மாட்டேங்குது.”

பண்பட்டவர்கள் சில எழுத்தாளர்களின் பெயரையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா என்று யாராவது இப்போது என்னிடம் கேட்டால், தாராளமாகத் தெரிந்துவைத்திருக்கட்டும், தெரியாதவர் முன்னால் அதை வெளியே எடுக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன், ஆனால் புத்தகக் கடையில் நிற்கிறவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை, இந்தப் பெயர் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.